லாரி தள்ளிய காயின்

அன்புள்ள மச்சான் அன்பரசனுக்கு,

புளியந்தோப்பு ஹவுசிங் போர்டிலிருந்து உன் அக்கா வீட்டுக்காரன் பரசுராமன் எழுதிக்கொள்வது. மாதவரத்தில் நீயும் உன் வீட்டாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் நலமில்லை, உன் அக்கா பூவம்மா நலமில்லை, உன் அக்கா மகள் சங்கமித்ரா எங்களோடு பேசுவதில்லை என்பதால் அவள் நலமா இல்லையா என்பது தெரியவில்லை. போனில் சொல்ல வேண்டியதைக் கடிதமாக எழுதுகிறானே, மனுஷனுக்கு மறை கழன்றுவிட்டதா என்று நினைக்காதே. நீதான் போனை எடுப்பதில்லையே. குடும்ப வாட்ஸப் குரூப்பில் நான் ஒரு புத்த பௌர்ணமி வாழ்த்துப் போட்டதற்கு, “உலகத்தில் நடக்கும் எல்லாச் சண்டைக்கும் மதம்தான் காரணம், மதம் ஒழிந்தால் மனிதனும் மனிதனும் கட்டிப்பிடித்துக்கொள்வான்” என்று எழுதிவிட்டு, எங்கள் யாரையும் கட்டிப்பிடிக்காமல் குரூப்பை விட்டே வெளியேறிவிட்டாய். தபால்காரரை விட்டு வெளியேற முடியாதல்லவா, அதனால்தான் இந்த வழி.

விஷயத்துக்கு வருகிறேன். நம் சங்கமித்ராவும், திருவொற்றியூர் குப்பத்தில் மீன்பிடிப் படகு வைத்திருக்கிற சுப்புராயன் என்பவரின் மகன் வெற்றியும், மணலி பக்கம் ஒரே கம்பெனியில் வேலை பார்த்து, ஒரே பஸ்ஸில் தொங்கி, கடைசியில் ஒரே முடிவுக்கு வந்துவிட்டார்கள். பையன் தங்கமான பையன். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நீ எழுதிய வாக்கியம் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டு நண்டு மாதிரிப் பிறாண்டியது. நம் வீட்டுச் சுவரில் புத்தரும் பாபாசாகேப்பும். அவர்கள் வீட்டில் அம்மன், படகு மூக்கில் மஞ்சள், குங்குமம், எலுமிச்சம்பழம். மதம் குறுக்கே வந்து நிற்கப் போகிறது, பெண் கண்ணைக் கசக்கப் போகிறாள் என்று நானும் உன் அக்காவும் பயந்து செத்தோம். வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா ஒருவரிடம் போய் ஆலோசனை கேட்டால், அவர் பல்லைக் குத்திக்கொண்டே, “இந்து கல்யாணச் சட்டத்துல புத்த மதமும் சேத்திதான், நீங்களும் அவங்களும் ஒரே ஃபைலுதான் சார், மால மாத்திக்கினு போய் ரிஜிஸ்டர் பண்ணுங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டார். அப்படியும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. அவர்கள் பேச வருகிற அன்று, கண்ணாடி முன்னால் நின்று பதில்களை மனப்பாடம் பண்ணி வைத்துக்கொண்டேன்.

என்ன நடந்தது தெரியுமா? ஊற்றிவைத்த டீ ஆறுவதற்குள் மதப் பிரச்சினை முடிந்துபோய்விட்டது. பையனின் அம்மா குப்பம்மா, “தாலிய மட்டும் எங்க அம்மன் காலாண்ட வெச்சி எட்த்தாந்துர்றோம் சம்மந்தி, மத்ததெல்லாம் உங்க இஷ்டம்” என்றார். உன் அக்கா உடனே, “வெச்சி எட்த்தாங்க. புத்தரு இன்னா கோச்சிக்கவா போறாரு? அவுரு வூட்டயே வுட்டுட்டுப் போனவரு” என்றாள். மண்டபத்தில் இந்தப் பக்கம் புத்தர் படம், அந்தப் பக்கம் அம்மன் படம், பஞ்சசீலம் சொல்லி முடித்ததும் மேளம். அடுத்தது மாட்டுக்கறி பிரியாணி. இதில்தான் வெட்டுக்குத்து என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். சுப்புராயன் காதைக் குடைந்துகொண்டே, “தனி அண்டாவுல வைங்க. எங்காளுங்க பாதிப் பேரு அங்கதான் மொதல்ல போய் நிப்பானுங்க” என்றான். அவ்வளவுதான். உண்மையைச் சொல்வதென்றால் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. மனப்பாடம் பண்ணினதெல்லாம் வீண்.

வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்வதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டில் நாள் குறித்தோம். உன்னையும் கூப்பிடத்தான் போன் அடித்தேன், தாய்மாமன் இல்லாமல் தட்டு மாற்றினால் நன்றாகவா இருக்கும், நீதான் எடுக்கவில்லை. அவர்கள் வேன் வைத்துக்கொண்டு கிளம்பியவர்கள், எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்றதில் மாட்டிக்கொண்டு, வந்து இறங்கும்போது ராகுகாலம் ஆரம்பித்துவிட்டது. குப்பம்மா சங்கடத்தோடு உன் அக்காவைப் பார்த்தார். “அதுக்கின்னா, ராவுகாலம் பூட்டும். நாம மேல குந்தினு பூ கட்டுவோம்” என்று உன் அக்கா சொல்லிவிட்டாள். பெண்கள் எல்லாம் மேலே போனார்கள். ஆண்கள் நாங்கள் கீழே படிக்கட்டுப் பக்கம் நின்றுகொண்டு, வெயில் ஜாஸ்தி, கறி விலை ஜாஸ்தி, கடலில் மீன் கம்மி என்று பேசி அதுவும் தீர்ந்துபோய் ஒருவர் செருப்பை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். அப்போதுதான் யாரோ, “சும்மா இன்னாத்துக்கு நிக்கிறீங்க, கிளப்பு தொறந்துதான கீது, ஒரு போர்டு போடுங்க” என்றார்கள். அது யார் என்று இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன்.

நம் பிளாக்குக்குக் கீழே இருக்கிற கேரம் கிளப்பை நீ மறந்திருக்க மாட்டாய். சம்பந்திக்கும் எனக்கும் முதல் போர்டு. பவுடர் தூவினார்கள். மேலே பல்பைப் போட்டார்கள். சுப்புராயன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, ஸ்ட்ரைக்கரை எடுத்து மூக்கின் இரண்டு பக்கமும் நன்றாகத் தேய்த்து, “வாடி ராசாத்தி” என்று அதற்கு ஒரு முத்தம் கொடுத்தான். எனக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலைவரை குப்பென்று ஏறியது. இந்த உலகத்தில் ஸ்ட்ரைக்கருக்கு முத்தம் கொடுக்கிற மனுஷன் ஒருத்தன்தான். “யோவ், நீ சுருட்டயா?” என்று கேட்டுவிட்டேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். “எலும்பா நீயி? இன்னாடா இவ்ளோ கறி போட்டுக்கீற!” என்றான். அந்தக் காலத்தில் அவனுக்குச் சுருட்டை என்று பேர், எனக்கு எலும்பு என்று பேர். இப்போது அவனுக்கு முடி இல்லை, எனக்கு எலும்பு எங்கே இருக்கிறதென்று டாக்டருக்கே தெரியவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது? நீ எழுதின மாதிரியே மனிதனும் மனிதனும் கட்டிப்பிடித்துக்கொண்டோம் மச்சான். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். கட்டிப்பிடித்திருக்கும்போதே அவன் என் காதோரமாக, “ஆனா அன்னிக்கி ஃபாலோ வுழுந்திச்சி. தெரியும்ல?” என்றான்.

உனக்கு ஞாபகப்படுத்த வேண்டியதில்லை, இருந்தாலும் எழுதிவிடுகிறேன். ராயபுரத்தில் ரோட்டோரப் பந்தலில் பொங்கல் டோர்னமெண்ட் ஃபைனல். புளியந்தோப்புக்கு நான், கடற்கரைக் குப்பங்களுக்கு அவன். அம்பயர் நீ. கடைசி போர்டு. சுருட்டை சிவப்புக் காயினை, அதாவது ரெட்டு, குழியில் போட்டான். ரெட்டு போட்டவன் அடுத்த அடியிலேயே தன் காயின் ஒன்றைப் போட்டால்தான் ரெட்டு செல்லும், அதற்குத்தான் ஃபாலோ என்று பேர், இது கைக்குழந்தைக்கும் தெரியும். அவன் வெள்ளைக் காயினை அடித்தான். அது போய்க் குழியின் உதட்டில் பாதி உள்ளே பாதி வெளியே நின்றது. நின்றது, மச்சான். நின்று, காற்று வாங்கி, ஊரைப் பார்த்தது. அப்போதுதான் துறைமுகத்துக்குப் போகிற லாரி ஒன்று அந்த ரோட்டில் தடதடவென்று போனது. போர்டு அதிர்ந்தது. காயின் விழுந்தது. ஆகவே அது சுருட்டை போட்டது இல்லை, லாரி போட்டது. லாரிக்குக் கப் கொடுத்திருந்தால்கூட நான் கேட்டிருக்க மாட்டேன். ஆனால் அவன் சொல்வது என்னவென்றால், காயின் நிற்கவே இல்லையாம், மெல்லப் போய்க்கொண்டே இருந்ததாம், லாரி வரவில்லையென்றாலும் அது விழுந்தே தீருமாம். இரண்டு பேரும் உன் மூஞ்சியைப் பார்த்தோம். நீ என்ன சொன்னாய்? “நான் பாத்தேன். ரெண்டு பேரும் அமைதியானப்புறம் சொல்றேன்” என்றாய். சொல்லிவிட்டு, போகிற பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாய். பரிசாக வைத்திருந்த டேபிள் ஃபேனை டோர்னமெண்ட் நடத்தினவன் தன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டான். அதற்கப்புறம் நான் உன் அக்காவையே கட்டிக்கொண்டேன், பொங்கலுக்குப் பொங்கல் கேட்டேன், நீயும் “சமயம் வரும்போது சொல்றேன் மாமா” என்றே காலத்தை ஓட்டிவிட்டாய்.

அன்றைக்கு நம் கிளப்பில் நடந்ததை எப்படி எழுதுவது? “நின்னுச்சு” என்றேன். “போய்க்கினே இருந்துச்சு” என்றான். “நின்னுச்சுடா பேமானி” என்றேன். சம்பந்தியை அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுதான், ஆனால் நின்றதே! அவன் போர்டைத் தட்டினான். காயின்கள் சிதறி ஒன்று சாக்கடைக்குப் போனது. கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. எப்படிப் பிரிந்தது என்பதை மட்டும் நீ கவனமாகப் படிக்க வேண்டும். நம் விகாரையில் எனக்குப் பக்கத்தில் உட்காருகிற நிலவன் அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டு, “காயினு உதட்ல நின்னாலே வுழுந்த கணக்குதான்” என்கிறான். சுப்புராயன் வேனிலேயே வந்த அவன் பங்காளிகள் இரண்டு பேர் என் பக்கம். டீக்கடை மஜீது அன்றைக்கு அந்தப் பந்தலில் டீ கொடுத்தவர், அவரை இரண்டு பக்கமும் இழுத்தார்கள். “எனக்கு காயினுல்லாம் ஞாபகம் இல்ல பாய். அம்பயரு குட்ச்ச டீக்கி இன்னும் துட்டு தரல, அது ஞாபகம் கீது” என்றுவிட்டு அவர் போய்விட்டார். குப்பம்மாவின் தம்பி கன்டெய்னர் ஓட்டுகிறவராம். அவர் இரண்டு பக்கமும் சேராமல் தனியாக நின்று, “எது நடந்தாலும் லாரி மேலயே பழி போட்றீங்களே, நாங்க இன்னாய்யா பாவம் பண்ணோம்!” என்று கத்திக்கொண்டிருந்தார். எந்த மதத்துக்காரன் எந்தப் பக்கம் என்று சல்லடை போட்டுச் சலித்தாலும் உனக்குப் பிடிபடாது.

இதற்கு நடுவில் அம்பயர் யார் என்ற பேச்சு வந்தது. பூவம்மாவின் தம்பிதான் என்று தெரிந்ததும் சுப்புராயனுக்குக் கண் சிவந்துவிட்டது. “அம்பயரு அக்காவ கட்டிக்கினு மேட்ச்ச ஜெயிக்கலாம்னு பாத்தியா!” என்றான். அந்த நேரம் பார்த்துத்தான் உன் அக்கா எங்களைக் கூப்பிடப் படியில் இறங்கி வந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, “அதுக்குத்தான் என்னைக் கட்னியா?” என்று கேட்டாள். இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு நொடி ஆகிவிட்டது, மச்சான். வாயில் பவுடர் போயிருந்தது, வேறொன்றுமில்லை. அந்த ஒரு நொடிக்கு இன்றுவரை எனக்குச் சாப்பாட்டில் உப்பு இல்லை. மாடியிலிருந்து குப்பம்மா, “ராவுகாலம் பூட்ச்சி, தட்டு மாத்த வாங்க!” என்று தொண்டை கிழியக் கத்தினார். ஒருத்தரும் போகவில்லை. வேன் கிளம்பிப் போய்விட்டது. அவர்கள் கொண்டுவந்த பழத்தட்டு மேலேயே இருக்கிறது, திருப்பிக் கொடுப்பதா தின்பதா என்று தெரியாமல் வாழைப்பழம் கறுத்துவிட்டது.

ராகுகாலத்தால்தானே கேரம் ஆடப் போனீர்கள், அதுவும் மதம்தானே என்று நீ மாதவரத்தில் துள்ளிக் குதிப்பாய், எனக்குத் தெரியும். ராகுகாலம் எங்களைச் சும்மா இருக்கத்தான் சொன்னது. எங்களால் சும்மா இருக்க முடியவில்லை. மதம் என்ன, அது பாட்டுக்குப் படத்தில் சிரித்துக்கொண்டிருந்தது. அதற்கப்புறமும் சமாதானம் பண்ணப் பார்த்தது யார் என்று நினைக்கிறாய்? அதே மதம்தான். நான் விகாரைக்குப் போய் பிக்குவிடம் முறையிட்டேன். அவர் நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “விட்டுவிடு” என்றார். “நின்னுச்சு சாமி” என்றேன். “நின்றதையும் விட்டுவிடு” என்றார். சுப்புராயன் அம்மன் கோயிலில் சூடம் ஏற்றிச் சத்தியம் பண்ணப் போனானாம். பூசாரி தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டு, “ஒரு காயினுக்கு ஆத்தாள கூப்புட்ற, வெக்கமா இல்ல ஒனக்கு?” என்று துரத்திவிட்டாராம். இரண்டு மதமும் கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் வேண்டாம் என்றது, நாங்கள்தான் கேட்கவில்லை. பழியை மட்டும் அதுங்க தலையில் கட்டுகிறாயே, நியாயமா?

சரி, என் வீறாப்பு என்னோடு போகட்டும். பொண்ணு விஷயத்துக்கு வருகிறேன். சங்கமித்ரா வேலைக்குப் போகிறாள், வருகிறாள், தட்டில் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுகிறாள். நேற்று நானே வலியப் போய்ப் பேசினேன். அவள் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: “நைனா, நாம வேற சாமி, அவங்க வேற சாமி, ஊரே எதுத்து நிக்கும்னு நானும் அவுனும் எத்தினி நாளு தூங்காம கெடந்தோம் தெரியுமா? எவனும் எதுத்து நிக்கல. எல்லாரும் சரின்னாங்க. கடைசில பெத்த அப்பனுங்க ரெண்டு பேரும் ஒரு காயினுக்கோசரம் நிறுத்திட்டீங்களே.” சொல்லும்போதே அழுதுவிட்டாள். கல்யாணம் மதத்தினால் நின்றிருந்தால்கூட, போடா பிற்போக்கா என்று நாலு பேரைத் திட்டிவிட்டு மனசை ஆற்றிக்கொள்ளலாம். இதுக்கு யாரைத் திட்டுவது? அவளிடம் தோற்றுப்போவதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. ஆனால் சுருட்டையிடம் போய் “வுழுந்திச்சி” என்று சொல்ல வாயைத் திறந்தால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. அவனுக்கும் அங்கே அப்படித்தானாம். வெற்றி அவன் அப்பாவோடு பேச்சை நிறுத்திவிட்டு, கட்டுமரத்தில் போய்க் குந்திக்கொண்டு கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறானாம்.

ஆகவே நீ ஒருத்தன்தான் இப்போது கதி. உண்மையைப் பார்த்தவன் நீ. சுப்புராயனும் ஆள் விட்டுச் சொல்லியனுப்பியிருக்கிறான்: “அன்பரசன் பொய் பேசாது. அது வாயால வுழலன்னு சொன்னா நான் ஒத்துக்கறேன்.” நானும் அதையேதான் சொல்கிறேன். பார், எப்படி ஆகிவிட்டதென்று. நீ கண்ணில் படுவதில்லை. கூப்பிட்டால் பதில் இல்லை. ஆனால் எல்லாம் உனக்குத் தெரியும், சமயம் வரும்போது சொல்வாய் என்று இரண்டு கூட்டம் உன்னை நம்பி அடித்துக்கொள்கிறது. உன் பேரைச் சொல்லி ஒருத்தன் சட்டையை ஒருத்தன் பிடிக்கிறோம். இதெல்லாம் யாருடைய வேலை என்று, கடவுள் இல்லை என்று மேடை போட்டுப் பேசுகிற நீயே யோசித்துப் பார். வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ தவறாமல் கிளம்பி வர வேண்டும். சுப்புராயனையும் வரவழைக்கிறேன். போர்டை நடுவில் வைக்கிறேன். காயின் நின்றதா, போய்க்கொண்டே இருந்ததா, ஒரே வார்த்தை. அதைச் சொல்லிவிடு, நம் பெண் கழுத்தில் தாலி ஏறட்டும். நீ வருகிற வரை இந்த வீட்டில் அடுப்பு எரியும், ஆனால் சமைத்ததை யாரும் தின்னமாட்டோம்.

உன் வீட்டில் எல்லாருக்கும் என் அன்பு. பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். உனக்கு அதில் நம்பிக்கை இல்லையென்றால் உன் பங்கையும் அவர்களுக்கே கொடுத்துவிடு. எல்லா உயிர்களும் இன்புற்றிருக்கட்டும், சுருட்டையும்தான்.

இப்படிக்கு,
உன் மாமா
சி. பரசுராமன்

பி.கு.: கவரில் போட்டு ஒட்டப்போகும்போது உன் அக்கா பிடுங்கிப் படித்துவிட்டாள். படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். “யோவ், அவன் வந்து உண்மைய சொன்னா ரெண்டு பேர்ல ஒருத்தன் தோப்பியா மாட்டியா? தோத்தவன் கல்யாணத்துக்கு வருவானா?” என்றாள். நான் யோசித்தேன். நானாக இருந்தால் வரமாட்டேன். அதற்குள் அவளும் குப்பம்மாவும் போனிலேயே பேசிப் புதுத் தேதி குறித்துவிட்டார்கள். சங்கமித்ரா நேற்றைய குழம்பைச் சுடவைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். என்னையும் சுப்புராயனையும் அந்தப் போனுக்கு ஆளுக்கு ஒரு முனையில் உட்காரவைத்து, “அம்பயருக்குத் தெரியும், அவுரு சொல்றப்போ சொல்லட்டும்” என்று மட்டும் இரண்டு பேரையும் சொல்லவைத்தார்கள். சொல்லிவிட்டோம். ஆகவே மேலே எழுதியிருக்கிற எதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளாதே. சுப்புராயனும் உனக்கு இதே மாதிரி ஒன்று எழுதிப் போட்டுவிட்டானாம், அதையும் கிழித்துப் போட்டுவிடு. தாய்மாமன் மாலையோடு கல்யாணத்துக்கு வா, பிரியாணி சாப்பிடு, மஜீது பாய்க்கு டீ காசைக் கொடு. காயினைப் பற்றி யார் வந்து கேட்டாலும் லேசாகச் சிரி, வாயை மட்டும் திறந்துவிடாதே. நீ பேசாமல் இருக்கிற வரைக்கும் நாங்கள் இரண்டு பேருமே ஜெயித்தவர்கள்.